ஒரு கரண்டி தேங்காயெண்ணெய்

கொல்லிமலை செம்மேட்டில் இறங்கி, மெழுகுத்திரி மேடம் வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். மிளகுக் கொடி கட்டிக்கொண்டிருக்கிற ஆள் கூடக் கையை நீட்டிக் காட்டிவிடுவான். ரஞ்சிதா என்று பெயர் சொல்லிக் கேட்டால் முழிப்பான். அவள் எந்த ஆபீஸில் வேலை பார்க்கிறாள் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். இன்னும் அங்கேதான் இருக்கிறாள். என் ஓட்டை வாயால் அவள் பிழைப்பில் மண் விழ வேண்டாம்.

அந்த வேலை அவளுடைய அப்பா செத்துக் கொடுத்தது. ராசிபுரத்தில் பியூனாக இருந்தவர், ரிட்டயர் ஆக இரண்டு வருஷம் இருக்கும்போது டீக்கடை வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. கருணை அடிப்படையில் ஒரே மகளுக்கு வேலை வந்தது. கூடவே மலைக்கு ஆர்டரும் வந்தது. மூன்று வருஷம் இரும்மா, அப்புறம் கீழே இறக்கிவிடுகிறோம் என்றார்கள். மலைக்குப் போடுகிறவர்கள் எல்லாரும் மூன்று வருஷம் என்றுதான் சொல்வார்கள். தரகன் மாப்பிள்ளை வயதைச் சொல்கிற மாதிரி அது. ரஞ்சிதாவுக்கு மலையில் இது ஒன்பதாவது வருஷம்.

புருஷன் அர்த்தனாரி லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் பெயின்டர். லாரியின் நெற்றியில் சாமி பெயர், பின்பக்கம் மயில், அன்னம், 'ஒலி எழுப்பவும்' எல்லாம் அவன் கைதான். மலையில் லாரிக்கு யார் பாடி கட்டுகிறார்கள்? அதனால் அவன் கீழேயே இருந்துவிட்டான், ராசிபுரம் பக்கத்தில் அக்கா சாமியாத்தாள் வீட்டில். குழந்தை குட்டி இல்லை. சனிக்கிழமை இவள் இறங்குவாள், திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் ஏறுவாள். அவன் மலைக்கு வந்தது ஒன்பது வருஷத்தில் மூன்றே தடவை. எழுபது கொண்டை ஊசி வளைவில் ஐம்பதாவது வளைவுக்குள் குடலே வெளியே வந்துவிடும் அவனுக்கு. "உன்னப் பாக்க வாரதுக்குள்ள நான் பாதி ஆளாயிர்றேன் புள்ள" என்பான். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று இப்படியே ஓடிக்கொண்டிருந்தது குடும்பம்.

மெழுகுத்திரி விஷயம் கரண்டு போனதில் ஆரம்பித்தது. மலையில் நாலு தூறல் விழுந்தால் போதும், எங்கேயாவது சில்வர் ஓக் மரம் கம்பி மேல் சாய்ந்து இரண்டு நாளைக்கு இருட்டு. எரிந்து மிஞ்சின மெழுகுத் துண்டுகளைத் தூக்கிப்போட மனசு வராமல் ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்தாள். ஒருநாள் அதை உருக்கி இட்லித் தட்டில் ஊற்றி நடுவில் நூல் திரி நட்டாள். குழியில் வார்த்தது அடி குறுகி, மேலே அகன்று வந்தது. தண்ணீர்க் குண்டாவில் போட்டதும் கவிழாமல் மிதந்தது. தனியாக இருக்கிற பொம்பளைக்கு அது போதாதா? விடிகிற வரை அதையே பார்த்துக்கொண்டிருந்ததாக அவளே சொல்லியிருக்கிறாள்.

அப்புறம் செல்போனில் வீடியோ பார்த்து ஒன்றொன்றாகக் கற்றுக்கொண்டாள். மெழுகுக் கட்டியை நேராக அடுப்பில் வைக்கக்கூடாது, கொதிக்கிற தண்ணீருக்குள் டப்பாவை இறக்கி உருக்க வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கிரேயான் துண்டைச் சீவிப் போட்டால் நிறம் வரும். உருகினதைத் தாம்பாளத்தில் மெல்லிசாக ஊற்றி, ஆறுவதற்குள் கத்தியால் இதழ் இதழாக நறுக்கி, விரலால் வளைத்து, இட்லி வில்லையைச் சுற்றி ஒட்டினால் தாமரை. இதெல்லாம் வீடியோவில் இருந்தது. இதழ் படக் படக்கென்று ஒடியும் என்று அதில் இல்லை.

மலைக் குளிரில் மெழுகு கையில் எடுப்பதற்குள் விறைத்துவிடும், வளைத்தால் அப்பளம் மாதிரி முறியும். கெட்டியாக இருக்க ஒரு வெள்ளைப் பவுடர் சேர்க்கச் சொல்லியிருந்தார்கள். அதைச் சேர்த்தால் இன்னும் மோசம். அவள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி கண்ணாயி வாசலில் சாமை புடைத்துக்கொண்டே இதைப் பார்த்தாள். மலை மேலேயே குண்டனி நாட்டில் பிறந்து செம்மேட்டில் வாழ்க்கைப்பட்டவள், மலையை விட்டு இறங்கினதே நாலைந்து தடவைதான். "ஏனுங்க மேடம், வெரலு வெடிச்சா எண்ணெய் தடவறோமில்ல? அதுக்கும் துளி ஊத்திப் பாருங்களே" என்றாள்.

ஊற்றிப் பார்த்தாள். ஒரு டப்பா மெழுகுக்கு ஒரு கரண்டி தேங்காயெண்ணெய். பவுடரைத் தூக்கி மூலையில் போட்டாள். அட, இதழ் வெற்றிலை மாதிரி வளைந்தது! ஓரத்தை நகத்தால் சுருட்டினாலும் ஒடியவில்லை. மினுமினுப்பு வேறு. அன்றைக்கு ரஞ்சிதாவும் கண்ணாயியும் சிரித்த சிரிப்பில் கோழியெல்லாம் வேலி தாண்டி ஓடிவிட்டது.

அதற்கப்புறம் செம்மேட்டில் எந்த ஆபீஸில் விசேஷம் என்றாலும் மேடத்தின் தாமரைதான். மலை மேல் எட்டு வருஷத்தில் ஒரு தாமரை கூட வாடினதில்லை, வெடித்ததில்லை. கீழே மட்டும் ஒன்றுகூடப் போனதில்லை. ஒரே ஒரு தடவை இரண்டை எடுத்துப் போகப் பார்த்தாள். சாமியாத்தாள் போனிலேயே தடுத்துவிட்டாள். "மெழுகுத்திரியெல்லாம் எழவு ஊட்டுல ஏத்தறது. சீக்காளி இருக்கற ஊட்டுக்கு அதெல்லாம் கொண்டாராத சாமி." சரிங்க நங்கையா என்று விட்டுவிட்டாள். நங்கையா என்பது அந்தப் பக்கத்தில் நாத்தனாரை அழைக்கிற மரியாதை.

ஆமாம், சீக்காளி. அர்த்தனாரிக்கு இரண்டு வருஷம் முன்னால் கால் வீங்கியது. பெயிண்டு நெடி என்றான், தூக்கமில்லை என்றான். கடைசியில் பார்த்தால் இரண்டு கிட்னியும் போயிருந்தது. பட்ட காலிலே படும் என்பது சும்மா சொன்னதா? செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் ராசிபுரத்து ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் பண்ணுகிற மெஷினில் படுக்க வேண்டும், நாலு நாலு மணி நேரம். மெஷினை விட்டால் ஒரு வாரமோ பத்து நாளோதான் என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். மலை மேல் அந்த மெஷின் கிடையாது. மெஷினிலிருந்து எழுந்தால் தலை கிறுகிறுத்து விழுவான், கூடவே ஒரு ஆள் வேண்டும். சாமியாத்தாள்தான் கூட்டிப்போய்க் கூட்டி வந்தாள். ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைத்தார்கள், பதினைந்து நாளில் சொல்லாமல் போய்விட்டான். ரஞ்சிதாவுக்கு இருந்த லீவெல்லாம் முதல் வருஷத்திலேயே கரைந்தது. வேலையை விட்டால் மருந்துக்கும் வழியில்லை, சோற்றுக்கும் வழியில்லை.

ராசிபுரத்துக்கு ஒரு மாறுதல் கிடைத்தால் போதும். ஆபீஸுக்குப் போகிற வழியில் அவனை மெஷினில் விட்டு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அழைத்துக்கொண்டு வந்துவிடலாம். இதைத்தான் இரண்டு வருஷமாக மனுவாக எழுதிக்கொண்டிருந்தாள். தை மாதம் அது இன்னும் அவசரமாயிற்று. சாமியாத்தாளின் மருமகளுக்கு வைகாசியில் பிரசவம், திருப்பூரில். "சித்திரை கடேசில நான் போயாகோணும் கண்ணு. நானும் மனுசிதானே. ரெண்டு பக்கம் என்னைப் பிச்சுக் குடுக்க முடியுமா?" என்று அழுதாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. இரண்டு வருஷம் தம்பியைச் சுமந்தவள்.

மாறுதல் போடுகிற இடத்தில் இருந்தவர் சுந்தரராஜன் என்ற அதிகாரி. அந்தத் தைக்கு முன்னாலேயே, ஆபீஸில் ஆயுத பூஜை போட்ட அன்று மலைக்கு ஏதோ பார்வையிட வந்தவர், உருளியில் மிதந்த தாமரையைப் பார்த்து நின்றுவிட்டார். பேர் கேட்டார். "சித்திரையில என் பொண்ணு வளர்மதிக்குக் கல்யாணம்மா. ரிசப்ஷன் வாசலுக்கு இதே மாதிரி வேணும். செஞ்சு தருவீங்களா?" என்றார். தருகிறேன் சார் என்றவள், அதே மூச்சில் மாறுதல் மனுவைப் பற்றியும் சொன்னாள். அவர் தலையை ஆட்டி, "பார்க்கலாம்மா" என்றார்.

பார்க்கலாம்! சர்க்கார் ஆபீஸில் இதைவிடக் கொடுமையான சொல் உண்டா? முடியாது என்றால் மனுஷன் அழுதுவிட்டு வேறு வழி தேடுவான். பார்க்கலாம் என்றால் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு தொங்குவான். ரஞ்சிதா தொங்கினாள். அது லஞ்சமா என்று கேட்டால் அவளுக்கே பதில் தெரியாது. மனசுக்குள் ஆசை இருந்தது, அதை மறைத்துப் பேச நான் வரவில்லை.

பங்குனி முழுக்க ஆபீஸ் விட்டு வந்ததும் அடுப்பைப் பற்ற வைப்பாள். நூற்றியொரு தாமரை. மூன்று சுற்று இதழ், வெளிச்சுற்று வெள்ளை, நடுவில் ரோஸ், உள்ளே மஞ்சள். விரல் நுனியெல்லாம் கொப்புளம். பூ பெரிசு, இதழ் நீளம், வளைவு அதிகம் என்பதால் ஒரு கரண்டி எண்ணெய் இரண்டு கரண்டியாயிற்று. ராத்திரிக் குளிரில் எண்ணெய்க் குப்பி உறைந்து கிடக்கும். அடுப்போரம் வைத்து இளக்கித்தான் ஊற்றுவாள். ஒவ்வொரு பூவையும் குண்டாத் தண்ணீரில் விட்டு, ஏற்றி, அணைத்து, துடைத்து வைத்தாள். ஒன்றுகூடக் கவிழவில்லை. நூற்றியொன்றிலும் ஒரு விரிசல் இல்லை. கண்ணாயி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "மேடம், இதைப் பாத்தும் எடம் குடுக்கலீன்னா அந்தாளு மனுசனே இல்லீங்க."

சித்திரை மூன்றாவது வெள்ளிக்கிழமை ரிசப்ஷன். ஒரு நாள் சம்பளம் போனால் போகட்டும் என்று, கோழிமுட்டை அடுக்குகிற அட்டைகளைக் கடையில் வாங்கி, நாலு குழிக்கு ஒரு பூவாக வைத்து, அடுக்கி, துணி சுற்றிப் பதினோரு மணி பஸ்ஸில் ஏறினாள். ஒவ்வொரு வளைவிலும் அட்டையோடு சாய்ந்து அட்டையோடு நிமிர்ந்தாள். காரவள்ளி வந்து சமதளம் தட்டியதும் முகத்தில் அனல் அடித்தது. முந்தானையால் விசிறிக்கொண்டாள். வாராவாரம் இறங்குகிறவள்தான். சித்திரை வெயில் எப்படி இருக்கும் என்று உடம்புக்குத் தெரியும். மெழுகு பிடிக்கிற கைக்கு அது தெரியவில்லை. கை ஒன்பது வருஷமாக மலையிலேயே குடியிருந்தது.

நாமக்கல்லில் பெரிய மண்டபம். வாசலில் நீல டைல்ஸ் பதித்த சிமென்ட் தொட்டி. மூன்றரை மணிக்கு அலங்காரக்காரர் குழாயைத் திறந்துவிட்டுப் போனார். மொட்டை மாடியில் காலையிலிருந்து காய்ந்த பிளாஸ்டிக் டேங்க் தண்ணீர் அது. ரஞ்சிதா தொட்டி விளிம்பில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக இறக்கினாள். எல்லாப் பூவும் மிதந்தது. நூற்றியொன்றும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் நின்று போட்டோ எடுத்தார்கள். அந்தப் பத்து நிமிஷம் ரஞ்சிதா ராசிபுரத்தில் இருந்தாள். ஆபீஸ் பையோடு அர்த்தனாரியின் கையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வராண்டாவில் நடந்துகொண்டிருந்தாள்.

முகம் கழுவிப் புடவை மாற்றிக்கொண்டு திரும்பி வந்தபோது வெளிச்சுற்று இதழெல்லாம் படுத்துவிட்டது.

முதலில் யாரோ கை வைத்துக் கெடுத்துவிட்டார்கள் என்று நினைத்தாள். ஒன்றை எடுத்து இதழை நிமிர்த்தினாள். வெண்ணெய் மாதிரி விரலோடு வந்தது. அப்போதுதான் தண்ணீருக்குள் விரலை விட்டாள். வடிகஞ்சிச் சூடு. மேலே மேற்கு வெயில். நடுச்சுற்றும் படுத்தது. ரோஸும் மஞ்சளும் கலங்கி, பூவோடு பூ ஒட்டி, தொட்டி முழுக்க ஒரே ஆடையாகப் படர்ந்தது. தேங்காயெண்ணெய் வாசனை வாசலெங்கும் கமகமவென்று வந்தது. "பணியாரம் சுடறாங்களா?" என்று கேட்டுக்கொண்டே ஒரு குடும்பம் உள்ளே போயிற்று. அலங்காரக்காரர் எட்டிப் பார்த்து, "அக்கா, சாம்பார்ல எண்ணெய் மெதக்கற மாதிரி இருக்குதுங்களே" என்றார். கெட்ட மனுஷர் இல்லை, வாய் அப்படி.

ரஞ்சிதா நகரவில்லை. கீழே தேங்காயெண்ணெய் எந்தக் காலத்தில் உறைந்தது? பிறந்து வளர்ந்த ஊர். இருபத்தைந்து வருஷம் குப்பியைச் சாய்த்துத் தலையில் தேய்த்துக்கொண்ட ஊர். கண்ணாயிக்குத் தெரியாமல் போனால் நியாயம், அவள் மலையில் பிறந்தவள். "எனக்கு எப்படிங்க தெரியாமப் போச்சு? நான் இந்த ஊர்க்காரிதானே?" என்று அந்த அலங்காரக்காரரிடமே கேட்டாள். அவருக்கு என்ன தெரியும், பாவம். வலைக் கரண்டி கொண்டுவந்து எல்லாவற்றையும் வாரி ஒரு வாளியில் போட்டுவிட்டு, பேட்டரி விளக்குகளை மிதக்கவிட்டார். வந்தவர்களில் ஒருவர்கூட வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை.

சுந்தரராஜன் திட்டுவார் என்று எதிர்பார்த்துத்தான் போய் நின்றாள். அவர் திட்டவில்லை. பட்டு வேட்டியும் சந்தனமுமாக, சந்தோஷத்தில் இருந்தார். "அதனால என்னம்மா! வெயில் அப்படி. நீங்க சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார்.

"சார், அந்த ராசிபுரம் எடம்..." என்றாள். இந்த நேரத்தில் கேட்கக்கூடாது என்று தெரியும். இன்னொரு நேரம் அவளுக்கு இல்லை.

"ராசிபுரமா? அது போன மாசமே போட்டாச்சேம்மா. உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

 அவர் தோளில் துண்டைச் சரி செய்துகொண்டு அன்பாகவே சொன்னார். "இங்க பாருங்கம்மா. மலைக்குப் போடான்னா ஒருத்தனும் போகமாட்டேங்கறான். நீங்க அங்க பழகிட்டீங்க. உங்களை எடுத்துட்டா அந்த சீட்டுக்கு நான் எங்க போறது?"

பழகிட்டீங்க என்ற அந்த ஒரு சொல்தான் அவளைக் கொன்றது. இல்லை சார், நான் பழகவில்லை என்று சொல்ல அவளுக்கு அன்றைக்கு வக்கில்லை, உருகின தாமரையே சாட்சி. பந்தியில் உட்காராமல் வெளியே வந்து ராசிபுரத்துக்குப் பஸ் பிடித்தாள். அந்த இடத்தை அவள் தாமரை வார்த்துக்கொண்டிருந்த பங்குனியிலேயே வேறு ஒருவருக்குக் கொடுத்திருக்கிறார்கள். பூ வாடாமல் நின்றிருந்தாலும் இதே கதைதான். இதில் ஆறுதல் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் அடிக்க வருவேன்.

மறுநாள் சனிக்கிழமை. அர்த்தனாரி மெஷினில் படுத்திருக்க, பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். சாம்பார் எண்ணெய்க் கதையை அவன் இரண்டு தடவை சொல்லச் சொல்லிச் சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்தது, அப்படியே அழுகையும் வந்தது. அழுது முடித்ததும் அவன் கேட்டான்.

"அக்கா என்னைக்குக் கெளம்பறா?"

"வெள்ளிக்கெழமைங்க."

"திங்கக்கெழம வரைக்கும் எதுக்கு? நாளைக்கே உன்ரகூட நானும் மேல வாரேன்."

"வளைவுல வாந்தி எடுப்பீங்க."

"எடுத்தா எடுக்கறேன். ரெண்டு நாளுதான புள்ள. செவ்வாக்கெழம முதல் பஸ்ல எறங்கி நேரா மெஷினுக்கு வந்தர்லாம். நீ இருக்கற ஊட்டை நல்லாப் பாத்து எத்தன வருசமாச்சு."

அவளுக்கும் ஆசையாக இருந்தது. இரண்டு நாள் அக்காவுக்கும் ஓய்வு என்று சரி சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை சாமியாத்தாள் ஆஸ்பத்திரி பைலைப் பையில் வைத்து, தம்பியின் நெற்றியில் திருநீறு பூசினாள். அவன் அக்காவின் கையைக் கொஞ்ச நேரம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான். ரஞ்சிதா அப்போது பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவசரப்படுத்தினாள். அந்த அவசரத்துக்காக இன்றைக்கும் தன்னைத் தானே திட்டிக்கொள்கிறாள்.

எழுபது வளைவிலும் அவன் ஒரு தடவை கூட வாந்தி எடுக்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி வளைவு எண்ணிக்கொண்டே வந்தான்.

திங்கட்கிழமை அவனை வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு ஆபீஸ் போனாள். கண்ணாயியிடம், "ஒரு கண்ணு வெச்சுக்குங்க, தலை சுத்தினா போன் போடுங்க" என்று சொல்லித்தான் போனாள். என்ன கொடுக்கக்கூடாது என்று சொல்ல மறந்துவிட்டாள். அவனுக்கே தெரியுமே என்ற நம்பிக்கை. இரண்டு வருஷமாக இளநீர் கிடையாது, வாழைப்பழம் கிடையாது, ஒரு நாளைக்கு மூன்று டம்ளருக்கு மேல் தண்ணீர் கிடையாது. பழத்தில் இருக்கிற ஏதோ சத்து அவன் ரத்தத்தில் தங்கினால் நெஞ்சு நின்றுவிடும் என்று ஒவ்வொரு தடவையும் சொல்லித்தான் அனுப்புவார்கள்.

ஆறு மணிக்குத் திரும்பினபோது அவன் காலடியில் பலாக்கொட்டை குவியலாகக் கிடந்தது. பக்கத்தில் செம்பு காலியாகக் கிடந்தது. கண்ணாயி முறத்தில் இன்னும் சுளை எடுத்துக்கொண்டிருந்தாள். "வாங்க மேடம். சார் நம்ம மரத்துப் பழத்தை எப்படி ரசிச்சுத் தின்னாருங்கறீங்க! இனி நல்லாத் தேறிருவாருங்க" என்றாள். அவள் முகத்தைப் பார்த்து என்ன சொல்வது? சுளையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, அவள் போனதும் ரஞ்சிதா கதவைச் சாத்தினாள்.

"என்னங்க பண்ணி வெச்சிருக்கீங்க? உங்களுக்குப் புத்தி கெட்டுப் போச்சா?"

"பலாப்பழம் தின்னேன். தண்ணி குடிச்சேன். தித்திப்பா இருந்துச்சு புள்ள."

அவள் போனை எடுத்தாள், ஆம்புலன்ஸுக்கு. அவன் கையைப் பிடித்துக்கொண்டான். பிடியில் பலமே இல்லை, உதறியிருந்தால் வந்திருக்கும்.

"கோவத்துல பண்ணலை ரஞ்சி. நல்லா யோசிச்சுத்தான் வந்தேன். வெள்ளிக்கெழம அக்கா போயிருவா. அதுக்கப்புறம் என்னை யாரு கூட்டிட்டுப் போவா? நடுரோட்டுல உழுந்து சாவட்டுமா? உன்னால எறங்க முடியல. நான் ஏறிட்டேன். அவ்வளவுதான்."

"நான் வேலையை உட்டர்றேன். நாளைக்கே எழுதிக் குடுத்தர்றேன்."

"உட்டுட்டு? நான் எப்பிடியும் போறவன். அப்புறம் நீ யாரு ஊட்டு வாசல்ல போயி நிப்ப? உங்கப்பன் செத்துக் குடுத்த வேலை. நானும் அதுக்கு வேட்டு வெக்கோணுமா?"

அவள் அவனை அடித்தாள். நிஜமாகவே தோளில் இரண்டு கையாலும் அடித்தாள். அவன் வாங்கிக்கொண்டான். அந்த ராத்திரியைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை. புருஷன் பெண்டாட்டி பேசினது.

விடிகாலையில் பைலைப் பையில் வைத்து, அவன் சட்டையை எடுத்து, செருப்பைத் துடைத்து வாசலில் வைத்தாள். முதல் பஸ் ஐந்தே முக்காலுக்கு. அவன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, அவள் செய்வதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். முகம் ஊதியிருந்தது. மூச்சு கொஞ்சம் வாங்கியது.

"நீ வான்னு ஒரு வார்த்தை சொன்னா வந்தர்றேன் ரஞ்சி. உன் பேச்சைத் தட்ட மாட்டேன்" என்றான். "ஆனா சொல்லாத."

பையோடு நிலைப்படியில் நின்றாள். வா என்பது ஒரே எழுத்து. நாக்கு நுனிவரை வந்தது. இன்றைக்குச் சொன்னால் வியாழக்கிழமைக்கும் சொல்ல வேண்டும், சனிக்கிழமைக்கும் சொல்ல வேண்டும். அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை சொல்வதற்கு அவள் மலை மேல் இருப்பாள், அவன் கீழே தனியாக இருப்பான். ஸ்டாண்டில் டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார், பஸ் உறுமிக்கொண்டு திரும்புகிற சத்தம் கேட்டது. பையைக் கீழே வைத்தாள்.

அவன் கண்ணை மூடிக்கொண்டு, "வந்து உக்காரு" என்றான். போய் உட்கார்ந்தாள். ஒன்பது வருஷத்தில் ஆபீஸுக்கோ மெஷினுக்கோ ஓடாமல் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவர்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தது அன்றைக்குத்தான்.

பத்து மணிக்கு ஆபீஸுக்குப் போன் போட்டாள். சூப்பிரண்டு அப்பாசாமி எடுத்தார். லீவு வேண்டும், சம்பளம் பிடித்துக்கொண்டாலும் பரவாயில்லை என்றாள். அவர் பேனாவைத் தேடுகிற சத்தம் கேட்டது.

"எத்தனை நாள்னு போடட்டும்மா?"

ரஞ்சிதா கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள்.

"பத்து நாள்னு போடுங்க சார். அதுக்கு மேல வேண்டியதிருக்காதுங்க."